தாம்பரத்தில் உட்கார்ந்து பனியுகத்துக்குக் கணக்குப் போடலாம்

வேளச்சேரி–தாம்பரம் சாலையில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைத் தாண்டி வந்தால் நாராயணபுரத்தில் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. தினமும் பஸ்ஸில் அந்த வாசலைக் கடக்கும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: 2014 ஜூலையில் இந்த நிறுவனத்தின் உழைப்பில் உருவான ‘இண்டார்க்’ என்ற கருவித் தொகுதி, ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்டின் காங்ஸ்ஃபியார்டன் கழியில் 192 மீட்டர் ஆழத்தில் இறக்கப்பட்டது. பனியாறுகள் நேராக வந்து கடலில் முடியும் இடம் அது. பனியைப் படிக்கப் பனி பெய்யும் ஊரில் பிறந்திருக்க வேண்டியதில்லை.

நான் சொல்லப்போகும் வேலை இன்னும் ஒரு படி தள்ளி இருக்கிறது. இன்று இல்லாத பனியாறுகளை, பனியுகத்தோடு உருகிப்போனவற்றை, கணினிக்குள் மறுபடி ஓட விட்டுப் பார்க்கும் வேலை. பி.எஸ்சி. இயற்பியல், ஜியாலஜி, கணிதம், சிவில், கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று எதைப் படிக்கிறவரும் இதற்குள் வரலாம். உள்ளே வந்தவர்களில் நிலைத்து நிற்பவர் யார் என்பதுதான் கேள்வி. மாடலை ஓட்டத் தெரிந்தவர்கள் இன்று நிறைய. மாடல் தரும் விடைகளில் எது நம்பத்தக்கது, எதை அதால் சொல்லவே முடியாது என்று பிரித்துக் காட்டத் தெரிந்தவர்கள் குறைவு. வேலை அவர்களுக்குத்தான்.

ஒரு கல்மேடு, இரண்டு கேள்விகள்

பனியாறு என்பது மெதுவாக ஓடும் பனிக்கட்டி. மேலே பனி விழுந்து சேரும், கீழே உருகும், நடுவில் எடை தாங்காமல் வழிந்து இறங்கும். போகிற வழியில் பாறைகளைச் சுரண்டி எடுத்துவந்து முனையில் கொட்டும். அந்தக் கல்மேட்டுக்கு மொரைன் என்று பெயர். பனி உருகிப் போனாலும் மேடு அங்கேயே நிற்கும். பனி எதுவரை வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

எப்போது வந்தது என்பதற்கும் அதே மேட்டில் விடை இருக்கிறது. வானத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வெட்டவெளியில் கிடக்கும் பாறையின் குவார்ட்ஸில் பெரிலியம்-10 என்ற அணுக்களைச் சிறுகச் சிறுக உண்டாக்குகின்றன. அவற்றை எண்ணினால் அந்தப் பாறை எத்தனை ஆயிரம் ஆண்டுகளாக வெயிலில் கிடக்கிறது என்று தெரியும். இந்த முறை நம் மண்ணுக்கு அந்நியமில்லை. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் கற்கால ஆய்வு அங்கே தொடங்கியது. அதே ஆண்டு அவர் கண்ட அத்திரம்பாக்கத்தில், பின்னாளில் சாந்தி பப்பு குழுவினர் அகழ்ந்தெடுத்த கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2011-ல் வெளியானதே, அதற்கு உதவியது பெரிலியம்-10, அலுமினியம்-26 கணக்கு. திருவள்ளூர் மாவட்டத்துக் கற்கோடரிக்கும் இமயமலை மொரைனுக்கும் வயது சொல்வது ஒரே இயற்பியல். பல்லாவரத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருக்கும்.

இடமும் காலமும் கிடைத்துவிட்டன. இனி மாடலின் முறை: எவ்வளவு குளிர் இருந்தால், எவ்வளவு பனி பெய்தால், பனியாறு அந்த மேடு வரை வந்திருக்கும்?

பேப்பரும் பேனாவும் எடுங்கள். ஒரு கற்பனைப் பனியாறு. சேரும் பனியும் உருகும் பனியும் சரிசமமாக இருக்கும் உயரத்தைச் சமநிலைக் கோடு என்பார்கள். இன்று அது 5,000 மீட்டரில் இருக்கிறது. அங்கே கோடை 100 நாள், சராசரி 4 டிகிரி. ஒரு டிகிரிக்கு ஒரு நாளில் 6 மில்லிமீட்டர் உருகும் என்று வைத்துக்கொள்வோம். 100 × 4 × 6 = 2,400 மில்லிமீட்டர். வருடத்தில் அங்கே சேரும் பனியும், தண்ணீர்க் கணக்கில், 2,400 மில்லிமீட்டர். கணக்கு நேர்.

பழைய மொரைனை வைத்துப் பார்த்தால் பனியுகத்தில் சமநிலைக் கோடு 4,200 மீட்டரில் இருந்திருக்கிறது என்று கொள்வோம். உயரம் 1,000 மீட்டர் குறைந்தால் வெப்பம் 6.5 டிகிரி கூடும். 800 மீட்டருக்கு 5.2. ஆக, அந்த இடத்தில் இன்றைய கோடை 9.2 டிகிரி. பனிப்பொழிவு அப்போதும் இதே அளவுதான் என்றால், அங்கே 4 டிகிரி இருந்திருக்க வேண்டும். பனியுகம் இன்றைவிட 5.2 டிகிரி குளிர்.

இங்கேயே பேனாவை மூடிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. மூடாதீர்கள். பனிப்பொழிவு பாதியாக, 1,200 மில்லிமீட்டராக இருந்திருந்தால்? அவ்வளவுதான் உருகலாம், கோடை 2 டிகிரிதான் இருந்திருக்க முடியும். குளிர்ச்சி 7.2 டிகிரி. பனிப்பொழிவு ஒன்றரை மடங்காக இருந்திருந்தால் கோடை 6 டிகிரி வரை தாங்கும்; குளிர்ச்சி 3.2 போதும். அதே மேடு, அதே வயது. விடை மட்டும் 3.2 முதல் 7.2 வரை எங்கே வேண்டுமானாலும் நிற்கிறது.

இதுதான் இந்தத் துறையின் நடு முடிச்சு. இருப்பது ஒரு கல்மேடு. தெரியாதது வெப்பம், பனிப்பொழிவு என இரண்டு. கோடிக்கணக்கில் செலவழித்த சூப்பர் கம்ப்யூட்டராலும் இதை அவிழ்க்க முடியாது. வெளியிலிருந்து இன்னொரு சாட்சி வர வேண்டும். நேர்முகத் தேர்வில் இந்த முடிச்சைத் தாமாகவே எடுத்துப் பேசும் மாணவர் தனித்துத் தெரிவார்.

இமயம் சொல்வதும் நீலகிரி சொல்வதும்

கடைசிப் பனியுகத்தின் உச்சம் சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன். காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 190 பங்கு அளவில் இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. கடல் தண்ணீர் பனியாகி நிலத்தில் ஏறிக்கொண்டதால் கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் கீழே கிடந்தது. பாக் நீரிணை நடந்து கடக்கும் தரை. நம் கடற்கரை பல கிலோமீட்டர் கிழக்கே தள்ளி இருந்தது.

உச்சக் குளிரில்தான் எல்லாப் பனியாறுகளும் உச்ச நீளத்தில் இருந்திருக்கும் என்றுதானே தோன்றும்? கங்கோத்ரி அப்படிச் சொல்லவில்லை. இன்று சுமார் 30 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பனியாறு, ஒரு காலத்தில் இன்றைய முனைக்கும் சுமார் 40 கிலோமீட்டர் கீழே ஜாலா வரை இறங்கியிருந்தது. மிலாப் சந்த் ஷர்மாவும் லூயிஸ் ஓவனும் 1996-ல் வெளியிட்ட ஆய்வு அந்தக் கட்டத்துக்குக் கொடுத்த வயது சுமார் 63,000 ஆண்டு. பனியுக உச்சத்துக்கு வெகு முன்பு! 21,000 ஆண்டுகளுக்கு முன் குளிர் இருந்தது, ஆனால் பருவமழை நோஞ்சானாகிவிட்டது. மேலே விழப் பனி இல்லை என்பதுதான் ஆய்வாளர்கள் பலரும் தரும் விளக்கம். பேப்பரில் போட்ட கணக்கை மலையே நமக்குப் போட்டுக் காட்டுகிறது.

பருவமழை நோஞ்சானானதற்கு இன்னொரு சாட்சி பனியே இல்லாத நீலகிரியில் இருக்கிறது. அங்கே சதுப்புகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்காமல் படிந்த பீட் மண்ணில் கார்பன் ஐசோடோப்புகளை அளந்து ஆர். சுகுமார், ஆர். ரமேஷ், ஆர்.கே. பந்த், ஜி. ராஜகோபாலன் நால்வரும் 1993-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். வறண்ட காலத்துப் புற்களும் ஈரக் காலத்துச் செடிகளும் கார்பனில் வெவ்வேறு கையெழுத்தை விட்டுச் செல்கின்றன. பனியுக உச்சத்தையொட்டிய காலம் வறண்டது என்று அந்த மண் சொன்னது. ஊட்டிச் சதுப்பிலிருந்து வரும் இந்தத் தகவலைக் கொண்டுபோய் இமயமலை மாடலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தெரிந்த மாணவர்தான் எந்த ஆய்வுக் குழுவுக்கும் வேண்டியவர். தமிழ்நாட்டுக்காரருக்கு இதில் கொஞ்சம் முன்னிலை இருக்கிறது என்பது என் எண்ணம். பருவமழை ஏமாற்றினால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொரு உதாரணம் தரமணியிலிருந்து. அங்குள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் இயற்பியலாளர் ஆர். ஷங்கர், அர்கா பானர்ஜியுடன் சேர்ந்து 2013-ல் ‘ஜர்னல் ஆஃப் கிளேசியாலஜி’யில் ஒரு கட்டுரை எழுதினார். கல்லும் மண்ணும் போர்வையாக மூடிய இமயமலைப் பனியாறுகள் வெப்பம் கூடிய பின்னும் நெடுங்காலம் முனை பின்வாங்காமல் நிற்கும், ஆனால் மெலிந்துகொண்டே போகும் என்று எளிய மாடலை வைத்துக் காட்டினார்கள். முனை நகரவில்லை, ஆகவே பனியாறு நலம் என்று சொல்லிவிட முடியாது. பெரிய இயந்திரம் எதுவும் இல்லாமல், சரியான கேள்வியையும் நீளவாக்கில் ஒரே கோட்டில் எழுதிய சமன்பாடுகளையும் கொண்டு தென்சென்னையில் செய்த வேலை இது. உங்கள் துறைத் தலைவர் “இங்கிருந்து அதெல்லாம் எப்படிப்பா?” என்று கேட்டால் இந்தக் கட்டுரையை எடுத்து நீட்டுங்கள்.

லேப்டாப்பில் என்ன ஓட்டுவது

முதல் கருவியாக ஓ.ஜி.ஜி.எம். போதும். இன்ஸ்ப்ருக் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இலவச மென்பொருள், பைத்தானில் எழுதியது. அதன் கல்விப் பதிப்பு பிரௌசரிலேயே ஓடும். சொந்த லேப்டாப்பில் நிறுவப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: விண்டோஸில் நேரடியாக முயன்று இரண்டு வாரத்தை வீணாக்காதீர்கள். விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதியை முதலில் போட்டுக்கொள்ளுங்கள். கூடவே வரைபடங்களுக்கு கியூ.ஜி.ஐ.எஸ்., நெட்சிடிஎஃப் தரவுக் கோப்புகளைத் திறக்க எக்ஸ்அரே, நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்க கிட். கிரிக்கெட் சீசன் ஒன்று முடிவதற்குள் இவ்வளவும் கைக்கு வந்துவிடும்.

அடுத்த மட்டத்தில் பிஸ்ம். அலாஸ்கா ஃபேர்பாங்க்ஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அதைக் கொண்டுதான் ஜூலியன் செகினோ குழுவினர் ஆல்ப்ஸ் மலைப் பனியின் கடைசி 1,20,000 ஆண்டு வரலாற்றை 1 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஸ்விட்சர்லாந்தின் சூப்பர் கம்ப்யூட்டரில் ஓட்டி 2018-ல் வெளியிட்டார்கள். இப்போது கியோம் ஜூவே உருவாக்கிய ஐ.ஜி.எம். வந்திருக்கிறது, பனி ஓட்டத்தின் இயற்பியலை நியூரல் நெட்வொர்க்குக்குக் கற்றுக்கொடுத்து, கேம் விளையாடும் கிராஃபிக்ஸ் கார்டில் வேகமாக ஓட்டுகிறது. இயந்திரக் கற்றல் படிக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்கள் நுழைய இதுதான் நல்ல வாசல்.

கருவியைவிட முக்கியமானது அதற்குள் ஊற்றும் தரவு. தட்பவெப்ப மாடல்கள் பூமியை நூறு, இருநூறு கிலோமீட்டர் கட்டங்களாகப் பார்க்கின்றன. ஒரு கட்டத்துக்குள் மலையும் சமவெளியும் ஒரே உயரமாகிவிடும். அதனால் பனியுக மாடலின் எண்ணை அப்படியே எடுக்கக் கூடாது. அதே மாடலின் தொழிற்புரட்சிக்கு முந்தைய கால எண்ணைக் கழித்து, வித்தியாசத்தை மட்டும் இன்றைய அளவீட்டின் மேல் ஏற்ற வேண்டும். மாடலுக்கு எப்போதும் இருக்கும் பிழை இதில் பெருமளவு கழிந்துவிடும்.

அலகுகளைப் பற்றி ஒரு சம்பவம். சேலையூரில் சனிக்கிழமைகளில் என்னோடு உட்காரும் மாணவர்களில் ஒருத்தி இயற்பியல் மூன்றாமாண்டு. அவள் ஓட்டிய பனியாறு முந்நூறு வருடத்தில் பள்ளத்தாக்கை நிரப்பி, எதிர்மலையில் ஏறி, வரைபடத்துக்கு வெளியே போய்விட்டது. “சார், நிக்கவே மாட்டேங்குது.” நிரலில் ஒரு பிழையும் இல்லை. இரண்டு தரவுக் கோப்புகளில் ஒன்று மழையை நாளொன்றுக்கு மீட்டரில் சொன்னது. மற்றது நொடிக்குச் சதுர மீட்டருக்கு இத்தனை கிலோகிராம் என்றது. இரண்டாவதை 86,400-ஆல் பெருக்கினால் நாளொன்றுக்கு மில்லிமீட்டர் வரும். அவள் இரண்டையுமே பெருக்கியிருந்தாள். கண்டுபிடிக்க மூன்று சனிக்கிழமை ஆயிற்று. நான் பார்த்த அழகு அதற்குப் பின் நடந்தது: தன் நோட்டில் முதல் பக்கத்தில் ஒவ்வொரு கோப்பின் பெயர், அலகு, எந்தத் தேதியில் இறக்கியது என்று சிவப்பு மையில் கட்டம் போட்டு எழுதினாள். பின்னால் ஆய்வுப் பயிற்சிக்கான நேர்காணலில் “நீ செய்த தவறு ஒன்றைச் சொல்” என்று கேட்டபோது அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். இடம் கிடைத்தது.

எந்த வாசல், எந்தத் தேர்வு

பி.எஸ்சி. கடைசி ஆண்டில் இருப்பவர்கள் ஜாம் தேர்வு எழுதுங்கள். இயற்பியல், கணிதம், ஜியாலஜி மூன்றுக்கும் தாள் உண்டு. பி.இ. முடிப்பவர்களுக்கு கேட். பிஎச்.டி.க்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் புவி அறிவியல் தாள், இயற்பியல்காரர்களுக்கு ஜெஸ்ட். கோடை விடுமுறையைக் கூலிங் கிளாஸ் போட்டுக் கழிக்காமல் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வுப் பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள். அறிவிப்பு முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே வந்துவிடும். ஏப்ரலில் தேடினால் கதவு சாத்தியிருக்கும்.

போக வேண்டிய இடங்கள்: கோவாவில் தேசிய துருவ, கடல் ஆராய்ச்சி மையம். அவர்கள்தான் 2016-ல் ஹிமாசலத்தில் 4,000 மீட்டருக்கு மேலே ‘ஹிமான்ஷ்’ ஆய்வு நிலையத்தைத் திறந்தார்கள். டேராடூனில் வாடியா இமயமலை நிலவியல் நிறுவனம். லக்னோவில் பீர்பால் சாஹ்னி நிறுவனம். பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யில் திவேச்சா மையம். ஐ.ஐ.டி. இந்தூர், புனே ஐசர் ஆகியவற்றிலும் பனியாற்றுக் குழுக்கள் உண்டு. பேராசிரியருக்கு மெயில் எழுதும்போது “உங்கள் ஆய்வில் மிகுந்த ஆர்வம்” என்று தொடங்காதீர்கள். நூறு பேர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். அவருடைய கட்டுரை ஒன்றில் ஒரு வரைபடத்தை நீங்களே மறுபடி உருவாக்கிப் பாருங்கள். எங்கே பொருந்தியது, எங்கே பொருந்தவில்லை என்று நான்கு வரி எழுதி, படத்தை இணைத்து அனுப்புங்கள்.

மலையேற உடம்பு வேண்டுமா என்று எல்லா அம்மாக்களும் கேட்கிறார்கள். மாடல் வேலைக்குக் கட்டாயமில்லை. ஆனாலும் ஒரு முறையாவது போய்விட்டு வாருங்கள். மொரைனைப் படத்தில் மட்டும் பார்த்தவர், நிலச்சரிவு கொட்டிய கல்குவியலை மொரைன் என்று நம்பி ஆறு மாதம் கணக்குப் போடுவார். உத்தரகாசியில் நேரு மலையேற்ற நிறுவனம் நடத்தும் அடிப்படைப் பயிற்சி 28 நாள். கங்கோத்ரிக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது.

அப்பாக்கள் கேட்பது வேறு. “சம்பளம் எவ்வளவு வரும் சார்?” நேராகச் சொல்லிவிடுகிறேன். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், அதோடு வீட்டு வாடகைப் படி. ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலைக்குப் போன நண்பன் ஐந்து வருடத்தில் வாங்குவது இதைவிட அதிகமாக இருக்கலாம். நிரந்தர ஆய்வுப் பணியிடங்கள் கொஞ்சம்தான். முப்பது வயது வரை காத்திருக்கத் தயாராக இருக்க வேண்டும். வீட்டில் கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால் முதலில் வேலைக்குப் போங்கள், இதை மாலையில் கற்றுக்கொள்ளுங்கள். நான் யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஆனால் இந்தப் படிப்பு பனியோடு முடிந்துவிடுவதில்லை. 2023 அக்டோபரில் சிக்கிமில் தெற்கு லோனாக் பனியாற்று ஏரி உடைந்து, சுங்தாங்கில் 1,200 மெகாவாட் நீர்மின் திட்டத்தின் அணையை அடித்துக்கொண்டு போனது. மலையில் அணை கட்டுகிறவர்களுக்கும் அதற்குக் கடன், காப்பீடு தருகிறவர்களுக்கும் பனியாற்றுக் கணக்கு தெரிந்த ஆள் வேண்டும். ஊருக்குள்ளேயே பாருங்கள். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடிக்கு ஏறி நின்றவர்களின் பிள்ளைகள்தான் இன்று கல்லூரியில் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு சென்னைக்காக உருவான சி-ஃப்ளோஸ் வெள்ள முன்னறிவிப்பு அமைப்பு, பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடலோர ஆராய்ச்சி மையத்தில் இயங்குகிறது. உயர வரைபடம், சரிவு, மேலிருந்து வரும் நீர், கீழே தேங்கும் இடம். பனிக்குப் போட்ட அதே அடித்தளக் கணக்கு அடையாற்றுக்கும் வேண்டும். இரண்டு வருடம் பனியாறு ஓட்டிவிட்டு வெள்ள மாடலுக்கு மாறியவர் கையோடு கொண்டுபோவது, விடைக்குப் பக்கத்தில் “இத்தனைக்கும் இத்தனைக்கும் நடுவே” என்று எழுதும் பழக்கம். எந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று அதிகாரி கேட்கும்போது ஒற்றை எண்ணைச் சொல்லி மாட்டிக்கொள்ளாமல் காப்பது அதுதான்.

இந்தச் சனிக்கிழமை செய்ய ஒரு வேலை தருகிறேன். ஓ.ஜி.ஜி.எம். கல்விப் பதிப்பைப் பிரௌசரில் திறந்து, கொடுத்திருக்கும் மாதிரிப் பனியாற்றை அசையாமல் நிற்கும் வரை ஓட்டுங்கள். நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சமநிலைக் கோட்டை 100 மீட்டர் இறக்கி மறுபடி ஓட்டுங்கள். பிறகு கோட்டைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டு, மலைச் சரிவை மாற்றி ஓட்டுங்கள். மூன்று நீளத்தையும் ஒரு தாளில் எழுதி, கணினியை மூடிவிட்டு, ஏன் என்று உங்கள் சொந்தத் தமிழில் அரைப் பக்கம் எழுதிப் பாருங்கள். பேராசிரியருக்கு எழுதும் மெயிலில் இணைக்க வேண்டிய முதல் பக்கம் அது.